எண் கொடுக்க ஒரு ரவுட்டர்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சுற்றுப்பக்கத்திலும் கடைகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் இணைய இணைப்பைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. "நெட் வரலை சார்" என்று யார் கூப்பிட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பக்கத்து மேசைப் பிரிண்டர் வேலை செய்கிறதா? அதுவும் செய்யவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தெருவில் இல்லை, உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ரவுட்டர் என்பது இணைப்பை வீட்டுக்குள் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அதற்கு ஒரு பக்கம் வெளியிலிருந்து வரும் இணைப்பு. மறுபக்கம் உங்கள் செல்போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம். வெளிப்பக்கம் அதற்கு ஒரே ஒரு எண், இணையத்தில் அதன் விலாசம் மாதிரி. உள்ளே இருப்பவற்றுக்கு அதுவே ஆளுக்கொரு எண் கொடுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். எதிர்வீட்டிலும் அதே எண்கள்தான். ஆனாலும் மோதாது, ஏனென்றால் அவை வாசலைத் தாண்டுவதில்லை.

ஏன் இப்படி? இந்த எண்களைக் கொடுக்கும் பழைய முறையில் (ஐபிவி4 என்பார்கள்) உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடி எண்கள்தான். உலகப் பொது இருப்பில் மிச்சமிருந்ததும் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதனால்தான் பத்துக் கருவிகள் ஒரே எண்ணுக்குள் ஒண்டிக் குடியிருக்கின்றன. சரி, பதில் எப்படி ஆள் மாறாமல் வருகிறது? பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறீர்கள். செருப்பு விடும் இடத்தில் டோக்கன் தருவார்கள் இல்லையா, அதேதான். வெளியே போகும் ஒவ்வொரு கேள்விக்கும் ரவுட்டர் ஒரு டோக்கன் எண் போட்டுக் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். கேட்காமல் வெளியிலிருந்து வருவதற்கு டோக்கன் இல்லை, அதனால் அது பொதுவாக உள்ளே நுழையாது.

இப்போது நான் எங்கு போனாலும் சொல்லும் கதை. புதுச்சேரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். பழைய காலத்து வீடு, கனத்த சுண்ணாம்புச் சுவர். பின்னறையில் வைஃபை எட்டவில்லை என்று அங்கிருந்த தம்பி ஒருவர் இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் நான்கு கம்ப்யூட்டரில் நெட் வருகிறது, மூன்றில் இல்லை. அணைத்துப் போட்டால் வராதது வருகிறது, வந்தது போய்விடுகிறது! ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாள் வேறு. நான் போய் எண்களைப் பார்த்தேன். சிலவற்றில் 192.168.1, சிலவற்றில் 192.168.0. விஷயம் புரிந்தது. இரண்டு ரவுட்டர்களும் எண் கொடுத்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் எழுந்ததும் "எனக்கு எண் யார் தருவீர்கள்?" என்று எல்லோரையும் கேட்கும். முதலில் பதில் சொன்னவரை நம்பிவிடும். புது ரவுட்டர் முந்திக்கொண்டால், "வெளியே போக என் வழியாக வா" என்று அது தன்னையே காட்டும். அதன் வெளிப்பக்கத் துளையிலோ கம்பியே இல்லை, பழைய ரவுட்டரிலிருந்து வந்த கம்பி உள்பக்கத் துளையில் இருந்தது. பாவம், எங்கே போகும்? பிரிண்டர் பழைய ரவுட்டரின் எண்ணில் இருந்ததால் அதுவும் கண்ணில் படவில்லை.

"புது ரவுட்டர் கெட்டுப்போச்சா அண்ணே?" என்று அந்தத் தம்பி கேட்டார். கெடவில்லை. இரண்டும் நன்றாக வேலை செய்ததுதான் தொல்லை. புதியதில் எண் கொடுக்கும் வேலையை நிறுத்தினேன். டிஎச்சிபி என்று அமைப்புப் பக்கத்தில் இருக்கும், அதை அணைத்தால் போதும். பிறகு அது வைஃபையை மட்டும் பரப்பியது. திரும்பவும் சொல்கிறேன்: எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வையுங்கள், எண் கொடுப்பது ஒன்றாக இருக்கட்டும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் ஆகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். பாதுகாப்பு பற்றி நிறையப் பேச வந்தேன், இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன். ரவுட்டரோடு வந்த அட்மின் கடவுச்சொல்லை, அதாவது அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல்லை, இன்றைக்கே மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. அப்புறம், பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளிக்காமல் வீட்டு நடுவில் உயரமாக வையுங்கள். வைஃபை அலைவரிசைகளில், சுவர் தாண்ட வேண்டுமானால் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 தேவலை, வேகம்தான் குறையும். வணக்கம்.