அச்சாரம் யாரைக் கட்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு வாங்கினாலும், கடை பிடித்தாலும், கல்யாண மண்டபத்துக்குத் தேதி குறித்தாலும் இப்போது எல்லோரும் சொல்வது ‘அட்வான்ஸ்’. நம் நெல்லைச் சீமையில் கொஞ்சம் வயதானவர்கள் வாயில் மட்டும் இன்னும் ‘அச்சாரம்’ வரும். “அண்ணாச்சி, அச்சாரம் வாங்கியாச்சு, இனி வேற பேச்சு கிடையாது” என்று மாட்டுக்காரர் சொல்லிவிட்டால், தரகர் மேற்கொண்டு வாய் திறக்காமல் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அச்சாரம், அட்வான்ஸ் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றில்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் சொல் வந்த வழி. வடமொழியில் ‘சத்தியங்காரம்’ என்று ஒரு சொல் உண்டு. சத்தியம் ஆக்குவது, அதாவது பேசிய பேச்சை மெய்யாக்குவது. பாணினி தன் இலக்கணத்தில் இந்தச் சொல் எப்படி உருவாகிறது என்பதற்கு விதியே எழுதியிருக்கிறார். அமரகோசம் என்ற பழைய வடமொழிச் சொல் தொகுப்பில் இது வணிகர்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. அந்தச் சொல் தெற்கே வந்து சஞ்சகாரம் ஆயிற்று. தமிழில் முதலில் இருந்த சகரமும் உதிர்ந்தது. சமணர் அமணர் ஆனார்கள் இல்லையா, அதே போக்குதான். கடைசியில் அச்சாரம் என்று நின்றது. மலையாளத்திலும் அச்சாரம்தான். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தானே இருந்தது, அங்கே எந்த மொழியில் பேரம் பேசினாலும் கைமாறியது அச்சாரமாகத்தான் இருந்திருக்கும்.

கன்னடத்துக்காரர்கள் செய்த வேலை வேடிக்கையானது. அங்கே ‘சஞ்சகார’ என்றால் பழைய பொருள் நம்முடைய அச்சாரம்தான். இன்றைய பேச்சிலோ அது ஆபத்து என்று ஆகிவிட்டது. ‘பிராணக்கே சஞ்சகார’ என்றால் உயிருக்கே ஆபத்து. எமன் உயிருக்கு அச்சாரம் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வருகிறது!

சரி, அச்சாரம் கொடுத்த பிறகு பேச்சு மாறினால் என்ன செய்வது? யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய வடமொழிச் சட்ட நூல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: சத்தியங்காரமாகக் கொடுத்த பொருளை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வைக்க வேண்டும். அந்த வரியை விரித்துச் சொல்வது மிதாட்சரம், சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் கல்யாணி நகரில் விஞ்ஞானேசுவரர் எழுதிய உரை. வாங்கல் விற்றலை உறுதி செய்ய ஒருவர் தன் மோதிரம் போல ஒன்றை மற்றவர் கையில் கொடுக்கிறார். கொடுத்தவர் பேச்சு மாறினால் மோதிரம் போச்சு. வாங்கிக்கொண்டவர் பேச்சு மாறினால் மோதிரத்தையும் கொடுத்து, அதே மதிப்புக்கு இன்னொரு பங்கும் கொடுக்க வேண்டும். மோதிரம் விரலை விட்டுப் போன நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் கட்டுப்பட்டவர்கள்.

இதே சட்டத்தைக் கடலுக்கு அப்பாலும் பார்க்கலாம். கி.பி. 533-இல் கான்ஸ்டாண்டினோபிளில் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்ட நூலில், வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவார் என்று இருக்கிறது. அங்கேயும் மோதிரத்தை அச்சாரமாகக் கொடுக்கும் பழக்கம் இருந்தது. யார் யாரிடம் கற்றார்கள் என்று ஆராயத் தேவையில்லை. விற்கிறவன், வாங்குகிறவன் இருவர் மனமும் எப்படி ஓடும் என்று தெரிந்த எந்த ஊர்ச் சந்தையும் இந்த முடிவுக்குத்தான் வரும்.

ரோமானியர்கள் இதற்கு வைத்திருந்த பெயர் ‘அர்ராபோ’. அது அவர்கள் சொல்லும் இல்லை, கிரேக்கர்கள் சொல்லும் இல்லை. மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டிய பினீசிய வணிகர்களைப் போன்ற செமித்திய மொழிக்காரர்களிடம் வாங்கியது. பிளாட்டஸ் என்ற நாடகக்காரர் கிறிஸ்துவுக்கு முன்பே இதை வைத்து ஒரு கேலி எழுதியிருக்கிறார். ஒரு பட்டிக்காட்டு ஆள் ஒரு பெண்ணிடம் காசைக் கொடுத்து ‘ராபோ’ என்கிறான். “அர்ராபோ என்று சொல்லத் தெரியாதா?” என்று அவள் கேட்க, “முதல் எழுத்து எனக்கு லாபம்” என்கிறான். சகரத்தை நாம் லாபமாக்கிக்கொண்ட மாதிரிதான். இன்றைய கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கல்யாண நிச்சயதார்த்தம் என்று பொருள். நம் ஊரில் பரிசம் போடுவதை நினைத்தால் அது ஒன்றும் அதிசயமாகப் படாது.

எபிரேய மொழியிலும் அதே சொல் உண்டு. யூதா ஒரு வெள்ளாட்டுக் குட்டியை அனுப்புவதாகச் சொன்னபோது தாமார் முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் ஈடாக வாங்கி வைத்துக்கொண்ட கதை ஆதியாகமத்தில் வருகிறது. அங்கே தமிழ் வேதாகமம் அதை ‘அடைமானம்’ என்கிறது. புதிய ஏற்பாட்டில் பவுல் கிரேக்கத்தில் அதையே எழுதும்போது தமிழில் ‘ஆவியென்னும் அச்சாரம்’ ஆகிறது. மெஞ்ஞானபுரத்திலும் நாசரேத்திலும் இடையன்குடியிலும் சந்தைக்கே போகாத பிள்ளைக்குக்கூட அச்சாரம் என்ற சொல் தெரிவது இப்படித்தான். மீதி கட்டாயம் வரும் என்பதற்கு முதலில் வந்த பங்கு. இறையியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை மேலப்பாளையம் ஆட்டுச் சந்தைக்காரர் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு நோட்டைக் கையில் வைத்து அழுத்திச் சொல்லிவிடுவார்.

அரபியில் இது ‘உர்பூன்’. இசுலாமியச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் இந்த வகை வியாபாரத்தை ஏற்கவில்லை. வாங்குபவர் விலகினார் என்பதற்காக விற்பவர் எதையும் கொடுக்காமல் அந்தக் காசை எடுத்துக்கொள்வது எப்படி நியாயம் என்பது அவர்கள் கேள்வி. இசுலாமியச் சட்டத்தில் பல வழிகள் உண்டு. காயல்பட்டினத்துக்காரர்கள் பின்பற்றும் ஷாஃபி வழியிலும் அது கூடாது. ஹன்பலி வழியினர் மட்டும் அனுமதித்தார்கள். நல்ல கேள்வி அது. ஒருபக்கமாக மட்டும் கட்டுகிற காசு அவர்களுக்கு உறுத்தியிருக்கிறது.

நம் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவில் இருபக்கக் கட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் ஊர்க்காரர்கள் தேடிப் போய், வெற்றிலை பாக்கோடு நூற்றொன்றோ ஆயிரத்தொன்றோ வைத்துக் கொடுப்பார்கள். தொகை சிறியது. ஆனால் அதை வாங்கிவிட்ட வில்லுக்காரர் வேறு ஊர் இரண்டு மடங்கு தந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை போக மாட்டார். உடம்புக்கு முடியாமல் போனால் தனக்குப் பதிலாக ஒரு செட்டை அவரே ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டும். ஊரும் அதே மாதிரி. கடைசி நேரத்தில் கச்சேரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கும் ஊருக்கு அடுத்த வருசம் யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இது எங்கே கெட்டது என்றால், கூலிக்காரர் கையில் முன்பணம் கொடுக்கத் தொடங்கியபோது. 1859-இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிய கைத்தொழிலாளியோ கூலியாளோ வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் அவரை வேலை செய்யச் சொல்லலாம், அல்லது பணத்தைத் திருப்பச் சொல்லலாம். அதற்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளி பேச்சு மாறினால் அவருக்குச் சிறை இல்லை. அந்தச் சட்டம் 1925-இல்தான் நீக்கப்பட்டது. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்கள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் இப்படித்தான் கழுத்தைப் பிடித்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பாக்கிக் கடனை எழுதிய ‘துண்டு’ச் சீட்டு வேண்டும். புதுத் தோட்டம் கடனை அடைத்தால்தான் ஆள் நகரலாம். 1921-இல் அங்கே அதை ஒழித்தார்கள். இந்தியாவில் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் முதலில் விளக்கம் சொல்லும் சொல்லே ‘அட்வான்ஸ்’. செங்கல் சூளைக்கு ஆள் கூப்பிட வருகிறவர் கையிலும் அட்வான்ஸ்தான் இருக்கும். அதை அச்சாரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நிலம், வீடு விஷயத்தில் இன்றைய நிலை என்ன? கிரய ஒப்பந்தத்தில், வாங்குபவர் கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். விற்பவர் பின்வாங்கினால் என்ன என்ற இடத்தில் பல பத்திரங்கள் நீதிமன்றத்தைக் கைகாட்டிவிட்டு நின்றுவிடும். வழக்குப் போடலாம், கிரயம் முடித்துத் தரும்படி தீர்ப்பும் வாங்கலாம், மூன்று வருசத்துக்குள் போட வேண்டும். ஆனால் நம் ஊர் சிவில் வழக்கு எத்தனை வருசம் ஓடும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் ரோடு வந்து விலை ஏறிவிட்டால் விற்பவருக்கு வாயில் எச்சில் ஊறாதா?

‘விற்பவர் தவறினால் பெற்ற முன்பணத்தோடு அதே அளவு இன்னொரு தொகையும் சேர்த்துத் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி அந்தத் தொகை முழுவதையும் நீதிமன்றம் தந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அதை உச்ச வரம்பாக வைத்து, நியாயமான இழப்பீட்டைத் தீர்மானிக்கும். இருந்தாலும் அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால், பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்பே அவர் மனசு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வணக்கம்.