குகைக்குள் இருந்த கல் எங்கே போயிற்று? பேலம் பயணம் குறித்து ஒரு நேயரின் சந்தேகம்

வணக்கம். சந்தேகங்களுக்கு விளக்கம் சொல்லும் இந்தப் பகுதியில் வழக்கமாக நான்கைந்து கேள்விகளை எடுத்துக்கொள்வேன். இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். கரூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லா என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் பேலம் குகைக்குக் குடும்பத்தோடு போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். கணவருக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. உடன் வரும் பேத்திக்கு எட்டு வயது. இவர்களை உள்ளே அழைத்துப் போகலாமா, அந்த வட்டாரத்தில் வேறு என்ன பார்க்கலாம், சித்தன்னவாசலைக் குகை என்று சொல்ல மனம் வரவில்லை என்று முன்பு ஓர் உரையில் சொன்னீர்களே, பேலமாவது உங்கள் கணக்கில் குகைதானா என்று மூன்று சந்தேகங்களைக் கேட்டுவிட்டு, கடைசி வரியில், "குகைக்குள்ளே முன்பு இருந்த கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று பேத்தி கேட்கிறாள், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை" என்று சேர்த்திருக்கிறார். அந்தக் கடைசி வரி நான்கு நாளாக என்னோடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் பெரியவர்களின் கேள்விக்கு வருகிறேன். சித்தன்னவாசல் உரையைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே அறிவர் கோயில் மனிதன் உளியால் குடைந்தது, ஏழடிப்பட்டமோ பாறை தானாகவே வெளியே நீட்டிக்கொண்டு நிழல் தந்த இடம், அதன் தரையில்தான் சமணத் துறவியர் 17 கற்படுக்கைகளை வழவழப்பாக்கிக்கொண்டார்கள். இரண்டுமே பெருமைக்குரிய இடங்கள்தாம். ஆனால் அவற்றில் கல் கரைந்து வழி விடவில்லை. நம் ஊர் மலைகளில் பெரும்பாலானவை கருங்கல், அதாவது உருகி இறுகிய கல், அல்லது ஆழத்தில் வெந்து மாறிய கல். மழைநீர் அதை உருட்டும், பிளக்கும், மெருகேற்றும், ஆனால் சர்க்கரைக் கட்டியைப்போல் கரைத்துக்கொண்டு போகாது. பேலத்தில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது கரையும். ஆகவே, அம்மா, என் கணக்கில் பேலம் குகைதான், அதுவும் அசல் குகை.

பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. பிலம் என்றால் நிலத்துக்குள் இறங்கும் குகை. வாலியும் மாயாவியும் சண்டையிட்டுக்கொண்டே புகுந்த இடமும், சீதையைத் தேடிப் போன அனுமன் கூட்டம் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நுழைந்த இடமும் நம் இராமகாதையில் பிலம்தான். வடசொல்லான பிலம்தான் தெலுங்கு நாக்கில் பேலம் என்று ஆயிற்று என்கிறார்கள். மலையேறிப் போய் நுழைவதற்குப் பெயர் குகை என்றால், சமதரையில் நடந்துகொண்டிருக்கும்போதே காலடியில் வாய் திறந்து கிடப்பது பிலம். பேலத்துக்குப் போகும் எல்லோரும் முதலில் ஏமாறுவது இதில்தான். மலை எங்கே, மலை எங்கே என்று தேடிக்கொண்டே போவார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையான வயல்வெளி இருக்கும், நடுவே கிணறு போன்ற பள்ளங்கள் இருக்கும், அவற்றுள் ஒன்றில் படிக்கட்டு இறங்கும்.

இனி அந்தக் குழந்தையின் கேள்வி. இதற்கு விடை சொல்ல ஆந்திரா வரை போக வேண்டியதில்லை, உங்கள் வீட்டுச் சமையலறையே போதும். அங்கே அலமாரித் தட்டாகவோ மேடையாகவோ ஒரு கறுப்புக் கல் பதித்திருப்பார்கள். அதைக் கடப்பா கல் என்று கொத்தனார் முதல் குடித்தனக்காரர் வரை எல்லோரும் சொல்வோம். பளபளப்பாகவும் கறுப்பாகவும் இருப்பதால் அதையும் கருங்கல்லோடு சேர்த்துவிடுகிறோம், ஆனால் அது சுண்ணாம்புக்கல். கடப்பா, கர்னூல், அனந்தபூர் வட்டாரங்களில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்கடலின் அடியில் ஏடு ஏடாகப் படிந்த கல் அது. ஏடாகப் படிந்ததால்தான் பலகைபோல் உரிந்து வருகிறது. பேலம் குகை அமைந்திருப்பதும் இந்தப் படிவங்களுக்குள்தான். நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீட்டு மேடைமேல் பாதி எலுமிச்சம்பழத்தை அறுத்த முகம் கீழாக வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். மாலையில் வந்து பார்த்தால், பழம் இருந்த இடத்தில் வட்டமாக, சாம்பல் பூத்ததுபோல் ஒரு தழும்பு. அம்மா சபீனா போட்டுத் தேய்த்தார், புளி போட்டுத் தேய்த்தார். புளி போட்டதும் தழும்பு இன்னும் பெரிதாயிற்று. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் சொரசொரப்பாகவும் இம்மியளவு பள்ளமாகவும் இருக்கும். அது கறை இல்லை என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்த இடத்தில் கல் போய்விட்டது. கறை என்றால் ஏதோ ஒன்று வந்து சேர்ந்திருக்க வேண்டும். இங்கேயோ இருந்தது குறைந்திருக்கிறது.

அந்தத் தழும்புதான் பேலம். எலுமிச்சைச் சாற்றுக்குப் பதிலாக மழைநீர், ஒரு பகற்பொழுதுக்குப் பதிலாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மழை காற்றில் இறங்கும்போது சிறிது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கும்போது, அழுகும் வேரும் இலையும் விடும் வாயுவை இன்னும் நிறையச் சேர்த்துக்கொள்கிறது. சோடா பாட்டிலைத் திறந்தால் நாக்கில் சுருக்கென்று படுகிறதே, அந்தக் கார்பானிக் அமிலம் மிக மிக நீர்த்த நிலையில் அதில் இருக்கிறது. கல்லில் உள்ள கீறலுக்குள் அது புகுகிறது, கீறல் விரிகிறது, விரிந்த கீறலுக்கு இன்னும் அதிகத் தண்ணீர் வருகிறது. ஒரு கட்டத்தில் நிலத்தடியில் ஓர் ஓடையே ஓடத் தொடங்கிவிடுகிறது. குகையின் பக்கச் சுவர்களைப் பாருங்கள். உளிபட்ட கூர்முனை எங்கும் இருக்காது, ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப்போல் எல்லாம் உருண்டு வளைந்து இருக்கும்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் 1884இல் இந்தக் குகையைப் பதிவு செய்தார். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரி கண்டெடுத்தவர் என்று நான் அடிக்கடி சொல்வேனே, அவரேதான். நம் நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சிக்கு வாசல் திறந்த அந்த மனிதர் இப்போது ஏற்காட்டில் ஒரு தேவாலய வளாகத்தில் உறங்குகிறார்; ஏற்காட்டுக்குப் படகு சவாரிக்குப் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் அவருக்கும் ஒதுக்கலாம். அவருக்குப் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பேலத்தைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பள்ளங்களில் குப்பையைக் கொட்டினார்கள். 1982, 83இல் டேனியல் கெபவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு உள்ளே தவழ்ந்து அளந்தது. குகையின் நீளம் 3,229 மீட்டர். மேகாலயாவின் குகைகளோடு ஒப்பிட்டால் சிறியதுதான், ஆனால் தென்னாட்டுச் சமவெளியில் இதற்கு இணை கிடையாது. 2002இல் ஆந்திரச் சுற்றுலாத் துறை மக்களுக்குத் திறந்துவிட்டது. இன்று ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நடந்து பார்க்கலாம்.

போகும் வழியைச் சொல்கிறேன். ரேணிகுண்டாவைத் தாண்டிக் குந்தகல் நோக்கிச் செல்லும் இரயில் பாதையில் தாடிபத்ரி நிலையம் வரும். அங்கிருந்து பேலம் 30 கிலோமீட்டர். நான் பேருந்தில் போனேன். வழி நெடுகக் கல்லறுக்கும் பட்டறைகள். அறுத்த பலகைகளைப் புத்தக அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வேலிக்கும் கல் பலகை, கூரைக்கும் கல் பலகை, டீக்கடை பெஞ்சுக்கும் அதே பலகை. எதிரே பாரம் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருந்தன. உங்கள் பேத்தியிடம் அவற்றைக் காட்டுங்கள், அம்மா. கல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அதுவும் ஒரு விடை. தண்ணீர் எடுத்தது போக மிச்சத்தை நாம் சமையலறைக்குக் கொண்டு போய்விட்டோம்.

உள்ளே இறங்கியதும் முதலில் படுவது புழுக்கம். குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துப் போனவன் நான். ஐந்து நிமிடத்தில் மூக்குக் கண்ணாடி ஆவி படிந்து மங்கிவிட்டது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காற்றுக்காகக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள், விளக்குகளும் உண்டு, ஆகையால் மூச்சு முட்டுமோ வழி தவறுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் சில இடங்களில் குனிந்து நடக்க வேண்டும், தரை ஈரமாக இருக்கும். செருப்பு வழுக்கி நான் ஒருமுறை உட்கார்ந்தே இறங்கியவன். பிடிப்புள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். சிம்மத்துவாரம், கோடிலிங்கம், ஆலமரம் என்று ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். சப்தஸ்வர குகை என்ற ஓரிடத்தில் தொங்கும் கல்லைத் தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் என்று சொல்லி எல்லோரும் தட்டிப் பார்ப்பார்கள். குழந்தை தட்ட ஆசைப்படுவாள். என்னைக் கேட்டால், யாராவது தட்டும்போது கேட்டுக்கொண்டால் போதும். தொட்டுத் தொட்டு அங்குள்ள கற்கள் எண்ணெய் படிந்ததுபோல் கறுத்துப் போயிருக்கின்றன.

அந்தத் தொங்கும் கற்களைப் பள்ளிப் பாடத்தில் கல்விழுது என்றும், அவற்றுக்கு நேர்கீழே தரையிலிருந்து எழுபவற்றைக் கல்முளை என்றும் படித்திருப்போம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயின் வாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டுகிறதே, அதுதான் இது. கல்லைக் கரைத்துக்கொண்டு வந்த நீர், குகையின் கூரையில் துளியாக நிற்கும்போது தன்னிடமிருந்த வாயுவைக் காற்றில் விட்டுவிடுகிறது; வாயு போனதும் சுண்ணாம்பைச் சுமக்கும் வலு அதற்குக் குறைகிறது, சுமையில் கொஞ்சத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு விழுகிறது. அப்படியானால், போன கல்லில் ஒரு பங்கு குகைக்குள்ளேயே வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. இது அந்தக் குழந்தைக்கு இன்னொரு விடை.

பாதாளகங்கைதான் கடைசி, அதுதான் மிக ஆழம். தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர். இறங்கும்போது ஓடையைப் பார்ப்பதற்கு முன் அதன் சலசலப்பு காதில் விழும். கணவரை அங்கே இறக்க வேண்டாம், அம்மா. ஏறி வருவது முழங்காலுக்கு ஆகாது. முன்னாலுள்ள கூடங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கட்டும், நீங்களும் பேத்தியும் போய் வாருங்கள். அந்த ஓடை சற்று ஓடிப் பாறைக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பேலம் கிராமத்துக் கிணற்றில் அது சேர்கிறது என்பது ஊரார் நம்பிக்கை.

சுற்றுவட்டாரம் பற்றிக் கேட்டீர்கள். தாடிபத்ரியில் இறங்குவதால், பெண்ணாற்றங்கரையில் உள்ள புக்க ராமலிங்கேசுவரர் கோயிலை விட்டுவிடாதீர்கள். விஜயநகரக் காலத்துச் சிற்ப வேலை, மேற்பகுதி கட்டி முடிக்கப்படாமலே நின்றுபோன கோபுரங்கள். தெலுங்கில் புக்க என்றால் ஊற்று. இலிங்கத்தின் அடியில் நீர் சுரந்துகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். அந்த வட்டாரத்திலேயே உள்ள யாகந்தி சிவன் கோயிலிலும் மலையிலிருந்து கசியும் ஊற்றுதான் புஷ்கரணியை நிரப்புகிறது; அங்கே நந்தி வளர்ந்துகொண்டே வருவதாகச் சொல்லுவார்கள், அதைப் பற்றித் தனியாகக் கேள்வி வந்தால் பேசுகிறேன். யாகந்திக்குப் பக்கத்தில்தான் பனகானபள்ளி. மாம்பழப் பருவத்தில் போனால் நம் பங்கனப்பள்ளியைப் பிறந்த ஊரிலேயே சாப்பிடலாம். ஆனால் அப்போது வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டிக்கோட்டை சற்றுத் தொலைவு. அங்கே பெண்ணாறு செந்நிறப் பாறையைப் பிளந்துகொண்டு போகிறது. அந்தப் பாறை கரையாத வகை, ஆகவே ஆறு அதை அறுத்துத்தான் வழி எடுத்திருக்கிறது. கரைத்த வழியையும் அறுத்த வழியையும் அடுத்தடுத்த நாள்களில் பார்க்கலாம் என்பதற்காகவே அங்கே போகச் சொல்வேன்.

மீண்டும் குழந்தையிடம் வருகிறேன். கரைந்துபோன சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாமல் நீரோடு பெண்ணாற்றை அடைந்து, நெல்லூரைத் தாண்டி வங்கக் கடலில் சேர்கிறது. அங்கே சிப்பியும் கிளிஞ்சலும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத்தான் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடுகள் அடிக்கடலில் குவிந்து நாளடைவில் மறுபடி கல்லாகும். அரியலூர்ச் சுரங்கங்களில் சிப்பி பதிந்த கல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகையால் பேத்தி கடற்கரையில் பொறுக்கும் கிளிஞ்சலில் ஏதோ ஒரு குகையின் கல் இருக்கலாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள்.

அவள் நம்பவில்லை என்றால், கொலிமிகுண்ட்லா வழியில் ஏதாவது ஒரு பட்டறையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதன்மேல் அரை எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாலையில் அவளையே விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சமையல் மேடையில் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டுத் தழும்பின்மேல் அம்மா இன்றுவரை உப்பு ஜாடியை வைத்து மறைத்துக்கொண்டிருக்கிறார்.