யாழ்தேவி ஓடுறது பழைய தண்டவாளத்திலயா?

அடுத்த கேள்வி கொக்குவிலில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "1990இல நிண்ட கொழும்பு–யாழ்ப்பாணம் ரயில் யாழ்தேவி 2014இலதான் திரும்ப வந்தது. தண்டவாளம் அங்கதானே கிடந்திருக்கும், சண்டை முடிஞ்ச உடன ஓட விட்டிருக்கலாம்தானே? அதே பாதையில ரயில் திரும்பி வந்திட்டுது எண்டுதான் அப்பா சொல்லுறவர்" எண்டு கேட்டிருக்கிறார்.

தம்பி, தண்டவாளம் அங்க கிடக்கேல்ல. அதுதான் விசயமே.

வவுனியாவுக்குக் கிட்ட இருக்கிற ஓமந்தைக்கு வடக்கால இரும்பையும் சிலிப்பர்க் கட்டையையும் கழட்டிப் பங்கருக்குப் போட்டாச்சு. ஷெல் விழேக்க தலைக்கு மேல தாங்கிறதுக்கு அதைவிட உறுதியான சாமான் அந்த நேரம் ஏது? எங்கட வளவில நாங்கள் பனங்குத்திதான் போட்டனாங்கள். யாழ்ப்பாணம் ஸ்டேசன் கூரையில்லாமல், சுவர் மட்டும் நிண்டது. உள்ளுக்கு மரம் முளைச்சுக் கிடந்ததை நான் கண்ணால பாத்தனான். எத்தினையோ தரம் அந்த வழியால போயிருக்கிறன், ஒருக்காலும் பாக்காமல் கடக்க ஏலாமல் இருந்தது.

அதால சண்டை முடிஞ்ச பிறகு செய்தது திருத்த வேலை இல்லை, புதுசாப் போட்ட பாதை. முதல்ல மிதிவெடி அகற்றோணும். பிறகுதான் கல்லு, கட்டை, தண்டவாளம். இந்தியக் கடனில இர்கொன் எண்ட இந்திய நிறுவனம் போட்டது. ஓமந்தையில இருந்து பளை வரைக்கும் 90 கிலோமீற்றர், பளையில இருந்து காங்கேசன்துறைக்கு 56. துண்டு துண்டாத்தான் வந்தது: 2013 செப்டெம்பரில கிளிநொச்சி, 2014 மார்ச்சில பளை, அந்த ஒக்டோபர் 13 யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில காங்கேசன்துறை.

ஓமந்தைக்குத் தெற்கால, மாகோ ரயில் சந்தி வரைக்கும் பழைய பாதைதான் இருந்தது. அதைத் திருத்தத்தான் 2023இலயும் 2024இலயும் மாசக்கணக்கா மூடினவை. அந்த நேரம் கொழும்புக்கு பஸ்ஸில போய் இடுப்பு உளைஞ்ச ஆக்களுக்குத் தெரியும்.

ஆனா அப்பா சொன்னதில பிழை இல்லை, தம்பி. இரும்புதான் புதுசு, தடம் அதேதான். 1905இல வடக்குப் பாதை முழுசாத் திறந்தபோது ரயில் போன அதே வழியாலதான் இண்டைக்கும் போகுது. பளை தாண்டினால் எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி. நாவற்குழி கடந்து யாழ்ப்பாணம் வந்தால், அடுத்தது உங்கட கொக்குவில்.