பாடகர் இடத்தில் ஒரு சிப்: எங்கள் அணியின் வாதம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நியூயார்க் ராக் குழு அனமனகுச்சி 2009இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பம் 'டான் மெட்ரோபோலிஸ்'. அது புதிய இசையா, பழைய வீடியோ கேம் நினைவைக் காசாக்கும் வேலையா என்பதுதான் இன்றைய வழக்கு. ஏக்கத்தை விற்கிறார்கள் என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஆல்பத்தில் பாடுவது யார்?

யாரும் பாடவில்லை. கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் இருக்கின்றன. பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய கேம் கருவி நிற்கிறது!

அந்தக் கருவி 1983இல் ஜப்பானில் வந்தது. அதன் ஒலிச் சிப்பில் இருப்பது ஒரே நேரத்தில் ஒலிக்க ஐந்தே தடங்கள்: சதுர வடிவ ஒலி அலைக்கு இரண்டு, முக்கோண அலைக்கு ஒன்று, இரைச்சலுக்கு ஒன்று, பதிவு செய்த சின்னத் துணுக்குகளுக்கு ஒன்று. முக்கோண அலையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவே வழியில்லை. ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும், அவ்வளவுதான். கேமில் இதை வைத்தே மெட்டு, பேஸ், தாளம் எல்லாவற்றையும் ஒப்பேற்ற வேண்டும். போதாக்குறைக்கு, நாம் ஒரு தாவு தாவினால் அந்தத் தாவல் சத்தம் பாட்டிலிருந்து ஒரு தடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். தொண்ணூறுகளில் நம் ஊர் டிவியில் கேசட் செருகி ஆடியவர்களுக்கு இது பழகிய சங்கதி, ஏனென்றால் அந்த கேம் பெட்டிகளில் பல இதே கருவியின் நகல்கள்தான்.

ராக் குழுவுக்குள் வந்ததும் என்ன ஆனது? தாளத்தை டிரம்ஸ் ஏற்றுக்கொண்டது, அடித்தளத்தை பேஸ் தாங்கியது. சுமை இறங்கிய சிப் மெட்டை இழைத்து இழைத்துப் பாடுகிறது. அந்தக் கால கேமில் அதற்குக் கிடைக்காத சுதந்திரம் இது. இதைப் போய் நினைவு வியாபாரம் என்பதா?

கிட்டாரும் கேம் சத்தமும் ஒட்டவே ஒட்டாது என்றும் நண்பர் சொன்னார். சதுர அலை காதைக் குத்தும், உண்மைதான். ஆனால் கிட்டார் ஒலியை ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிக் கருவி, தாங்காத அளவுக்கு ஏற்றிப் பாருங்கள். அலையின் முகடு வெட்டுப்பட்டுத் தட்டையாகும். மேலும் கீழும் தட்டையாக வெட்டிய அலை கிட்டத்தட்டச் சதுர அலையேதான்! அறுபதுகளில் ராக் கலைஞர்கள் கிட்டார் ஒலியைச் சிதைக்கும் ஃபஸ் பெடலை மிதித்து மிதித்துக் கொண்டுவந்த கரகரப்பு, இந்தச் சிப்புக்குப் பிறவியிலேயே இருக்கிறது. விருந்தாளி என்று நினைத்தீர்கள், அது ராக்கின் ரத்த சொந்தம்.

அப்புறம், கேமிடம் கடன் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு. 2010இல் 'ஸ்காட் பில்கிரிம்' கேம் வந்தது. அதற்கு இசை போட அழைக்கப்பட்டது இதே அனமனகுச்சிதான். அப்படியானால் கடன் வாங்கியது யார், கொடுத்தது யார்? எதிரணியில் அடுத்துப் பேச வரும் சகோதரி இதற்குப் பதில் சொல்லட்டும். வணக்கம்.