ஆங்கில ரிவிஷன் வகுப்பில் என்ன விளையாடலாம்? ஒரு டீச்சரின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் ஒரு டீச்சர் அனுப்பிய கேள்வி. "வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு மேல். திருப்புதல் தேர்வு நெருங்குகிறது. பாடத்தை மறுபடி வாசித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். நல்ல விளையாட்டாகச் சொல்லுங்கள் மேடம்" என்று எழுதியிருக்கிறார். தூங்குகிறார்கள் என்று மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவே பதில் சொல்லத் தோன்றியது.

விளையாட்டு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் என்ன சொல்வேன் என்று வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். புத்தகத்தை மூடுங்கள். ஆமாம், மறுபடியும் அதேதான்.

2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சின்னப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு சிலரை அதையே மறுபடி படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தால், மறுபடி படித்தவர்கள் 81 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் கணக்கு தலைகீழ். படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நம் பிள்ளைகள் பரீட்சை எழுதப்போவது 5 நிமிடம் கழித்தா என்ன?

திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் தெரிந்த மாதிரி இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்க்கிற ஆள் மாதிரி: முகம் நன்றாகத் தெரியும், பெயர் கேட்டால் முழிப்போம். அதனால் எந்த விளையாட்டு என்றாலும் நான் இரண்டே விஷயம்தான் பார்ப்பேன். புத்தகம் மூடியிருக்கிறதா? ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள்?

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் பல நல்ல விளையாட்டுகள் தோற்றுப்போகும். ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, பலகையில் ஒரு வார்த்தை எழுதி, மற்றவர்களைத் துப்பு கொடுக்கச் சொல்வார்களே, எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. நடப்பது என்ன? முதல் பெஞ்சில் மூன்று பேர் கத்துவார்கள். ஒருவன் கண்டுபிடிப்பான். மீதி எல்லோரும் வேடிக்கை. அதையே ஜோடி ஜோடியாக உட்காரவையுங்கள். ஒருவருக்குப் பலகை தெரியும், எதிரில் இருப்பவருக்கு முதுகுப் பக்கம். நீங்கள் ஐந்து வார்த்தை எழுதுகிறீர்கள். "டிலே" என்று எழுதினால், பார்க்கிற பிள்ளை "பஸ் நாட் கம்மிங், வெயிட்டிங், வெயிட்டிங்" என்று எதையாவது ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். இலக்கணம் தப்பாகத்தான் வரும், விடுங்கள். இருபது வாய்கள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. பக்கத்து வகுப்பு டீச்சரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்த வரைபடக் கேள்வி. பத்தாம் வகுப்பில் ஒரு சின்ன ரோடு மேப் கொடுத்து, வழி தெரியாதவருக்கு வழி சொல்லச் சொல்வார்கள். இதை ஏன் நோட்டில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. மைதானத்தில் சாக்பீஸால் நாலு தெரு போடுங்கள். வங்கி, கோயில், மருத்துவமனை என்று எழுதுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் நடக்க வேண்டும். "டேக் த செகண்ட் லெஃப்ட்" என்று சொன்ன பிள்ளை, முதல் சந்திலேயே தோழி திரும்பிவிடுவதைப் பார்த்தால் இன்னொரு முறை தெளிவாகச் சொல்லும். அந்தத் திருத்தம் உங்கள் சிவப்பு மையில் வராது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இதைச் செய்தபோது, ஆங்கிலத்தில் வாயே திறக்காத ஒரு பையன், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், வகுப்பின் முதல் மாணவியை நிறுத்தி "நோ என்ட்ரி! ஒன் வே! டேக் யூ டர்ன்!" என்றான். அவள் நின்றேவிட்டாள். அந்தத் தெரு ஏன் ஒன் வே என்று கேட்டேன். "நான் போட்ட ரோடு மேம்" என்றான். அதற்குமேல் நான் என்ன பேச? அடுத்த வாரம் தெரு போடும் வேலையையே அவனிடம் கொடுத்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வைத்தான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். பிழை திருத்தும் கேள்விக்கு ஏலம் விடுங்கள். பலகையில் பத்து வாக்கியம், சில சரி, சில தப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் பொய்ப் பணம் 1000 ரூபாய். சரியான வாக்கியத்தை வாங்கினால் லாபம், தப்பானதை வாங்கினால் பணம் போச்சு. "ஒன் ஆஃப் தி பாய் இஸ் ஆப்சென்ட்", "ஹீ இஸ் சீனியர் தேன் மீ" இரண்டும் தப்பு, ஆனாலும் நல்ல விலைக்குப் போகும். "ஷீ இஸ் அன் ஆனஸ்ட் கேர்ள்" என்பதை யாரும் தொடமாட்டார்கள். எழுத்தில் ஹெச் இருக்கிறதே, "ஏ" தானே வர வேண்டும் என்று நினைப்பார்கள். ஏலம் முடிந்து அது சரியான வாக்கியம் என்று சொல்லும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஆனால் ஏலம் கேட்பதற்கு முன் குழுவுக்குள் இரண்டு நிமிடம் வாதாட விடுங்கள். ஏலத்தைவிட அந்த வாதம்தான் பாடம்.

இதெல்லாம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ரிவிஷனை ஏன் ஜனவரி வரை தள்ளுகிறோம்? எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை 1885-லேயே எழுதிவிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. ஜூனில் நடத்திய பாடத்தை அரையாண்டுக்கு அப்புறம் தொட்டால், அது ரிவிஷன் இல்லை, முதலிலிருந்து நடத்துவதுதான். அங்கேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

ஜூன் மாதமே தொடங்குங்கள். வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் பலகையில் மூன்று கேள்வி இருக்கட்டும். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று போன வாரத்திலிருந்து, ஒன்று போன மாதத்திலிருந்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும், எல்லோரும் எழுத வேண்டும், மதிப்பெண் கிடையாது. விடையைப் பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் புத்தகத்தைத் திறக்கட்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த வருடம் தாமதமாகிவிட்டதே என்றால், பரவாயில்லை டீச்சர். நாளைக்கே அந்த மூன்று கேள்வியோடு ஆரம்பியுங்கள். போன மாதத்துக் கேள்வியை மட்டும் ஆண்டுத் தொடக்கத்தில் நடத்திய பாடங்களிலிருந்து எடுங்கள். ஏலத்தை வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் வேறு எதுவும் ஓடாது. மனப்பாடப் பாட்டைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், அதை அடுத்த காணொளியில் பார்க்கலாம்.