ஒன்றரை ஷிப்ட் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் ஏழ்மையைப் பற்றிப் பேச்செடுத்தால் மறுப்பு உடனே வந்துவிடும். "நம்ம பக்கம் ஏழ்மை எங்கீங்க இருக்குது? புருசனும் பொண்டாட்டியும் கம்பெனிக்குப் போனா வாரம் ஒம்பதாயிரம் வருது. வேலைக்கு ஆள் கிடைக்காம நாங்கதான் திண்டாடறோம்" என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. திருப்பூரில் எந்தச் சந்துக்குள் போனாலும் கம்பெனி கேட்டில் "டெய்லர், ஓவர்லாக், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை" என்று அட்டை தொங்குகிறது. கைமடி என்பது டெய்லருக்கு உதவி ஆள். தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தவர்கள் போக, இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. 2024-25-ல் மட்டும் அது 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

சரி, வேலையும் இருக்கிறது, வேலைக்குப் போகிற ஆளும் இருக்கிறது. அப்புறம் ஏன் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய வீட்டில் அடுத்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் கைமாற்றுக் கேட்கிறார்கள்? லைன் வீட்டு வாடகை, மளிகைக் கடைப் பாக்கி, குழுக் கடனுக்குத் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று வரிசையாக எழுதிப் பார்த்தால் ஊதாரிச் செலவு என்று ஒன்றும் தெரியவில்லை. செலவுப் பக்கத்தை விட்டுவிட்டு, அந்த ஒன்பதாயிரம் எத்தனை மணி நேர உழைப்புக்கு வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஷிப்ட் என்பது எட்டு மணி நேர வேலை. காலை எட்டரைக்குப் போனவர் இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஆர்டர் நிறைய இருக்கும் காலத்தில் வழக்கமான நாள் என்பதே ஒன்றரை ஷிப்ட்தான். அதற்குச் சம்பளமும் ஒன்றரை மடங்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரத்தைத்தான் சாதாரண வேலை என்றது. அதற்கு மேல் போகிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டிப்புச் சம்பளம். பீஸ் ரேட்டுக்கு, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தைக்கிறவருக்கும் இது உண்டு. இப்போது வந்திருக்கிற புதிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த இரட்டிப்பை அப்படியே வைத்திருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை ஷிப்ட், ஆக ஒன்பது ஷிப்ட். கையில் வருவது 4,500. சட்டப்படி பார்த்தால் 48 மணி நேரத்துக்கு 3,000. மீதி 24 மணி நேரத்துக்கு இரட்டிப்பு என்பதால் அதற்கும் ஒரு 3,000. மொத்தம் 6,000 வர வேண்டும். ஒருவருக்கு வாரம் 1,500 குறைகிறது. புருசனும் பொண்டாட்டியும் போகிற வீட்டில் வாரம் 3,000 குறைகிறது. மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அந்த வீட்டு வாடகையும் மளிகையும் அதில் அடங்கிவிடும்.

முதலாளிமார் இதற்கு ஒரு பதில் சொல்வார்கள், அதுவும் உண்மைதான். "ஓவர்டைம் இல்லாத கம்பெனிக்கு ஆளே வர்றதில்லைங்க. அவங்களே கேட்டு வாங்கிச் செய்யறாங்க" என்பார்கள். கேட்டு வாங்கித்தான் செய்கிறார்கள். எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்பதால் கேட்கிறார்கள். அந்த அரை ஷிப்டுக்கு வீட்டில் கொடுக்கிற விலை எந்தச் சம்பளக் கணக்கிலும் ஏறுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரை பூட்டிய வீட்டு வாசலில் இருக்கிறது, அல்லது பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சோறாக்கிப் போடுகிறது.

அந்த அரை ஷிப்ட் பணம் சேமிப்புக்கா, சோற்றுக்கா என்ற சந்தேகம் இருந்தால் 2025-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டது. அமெரிக்க ஆர்டரை நம்பி இருந்த கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது ஓவர்டைம்தான். வேலை போகவில்லை, எட்டு மணி நேர வேலை அப்படியே இருக்கிறது. மற்ற ஊர்களில் அதற்குப் பெயர் முழு நேர வேலை. இங்கே அதை "வேலையே இல்லைங்க" என்று சொல்கிறார்கள். அப்படித்தான் அவர்களால் சொல்ல முடியும், ஏனென்றால் 4,500 வந்த கைக்கு அந்த வாரம் 3,000 வருகிறது, வாடகை குறையவில்லை.

எட்டு மணி நேரச் சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு 1957-லேயே அதற்கு வழி சொல்லிவிட்டது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பெரியவருக்கு நாளுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி. வீட்டு வாடகை. விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். 1991-ல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், நல்லது கெட்டது, முதுமை இதற்கெல்லாம் இன்னொரு 25 சதவீதம் சேர வேண்டும் என்றது. இதில் நேயர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கில் சம்பாதிப்பவர் ஒரே ஒருவர்தான். ஒருவரின் ஒரு ஷிப்ட் கூலியில் நால்வர் வாழ வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் ஊரில் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறார்கள். ஒரு ஷிப்டில் கிடைத்திருக்க வேண்டியதை மூன்று ஷிப்டில் சம்பாதித்துவிட்டு, அதையும் "நல்ல வருமானம்" என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கூலி இதற்குக் கீழே போகக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்த தேசியத் தரை ஊதியம் 2017-ல் நாளுக்கு 176 ரூபாய். 2019-ல் அதை 178 ஆக்கினார்கள். அரசே அமைத்த நிபுணர் குழு அதே ஆண்டு 375 ரூபாய் என்று பரிந்துரைத்திருந்தது. இரண்டு ரூபாய்தான் ஏறியது.

கூலி உயர்வு இங்கே தானாக வந்ததில்லை. 1984-ல் விலைவாசி ஏற்றத்துக்கு ஈடான பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் சம்பளம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இன்றைக்கு முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்துக்குப் பின்னால் அந்தப் பட்டினியும் இருக்கிறது. 2021 ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 32 சதவீத உயர்வு பேசி முடித்தார்கள். ஆனால் அந்தச் சதவீதம் யார் கையில் போய்ச் சேர்கிறது? கம்பெனிப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குச் சேரும். கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்குச் சேர்வது அரிது. கம்பெனிகளிடம் கூலிக்கு ஜாப் ஒர்க் எடுக்கிற பத்துக்குப் பத்து ஷெட்டுக்கும், வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டுகிற பாட்டிக்கும் அந்த ஒப்பந்தத்தைப் பற்றித் தெரியவே தெரியாது.

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே எட்டுத் தறி சொந்தமாக வைத்திருப்பவரும் கூலிக்காரர்தான். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளருடையது. நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். மின்கட்டணமும் உதிரி பாகமும் இவர் தலையில். 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகத்துக்கு 20 சதவீதம் என்று கூலி உயர்வு அறிவித்தார்கள். அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். சொந்தத் தறி வைத்திருப்பவருக்கே இந்த நிலை என்றால், அவரிடம் முன்பணம் வாங்கிவிட்டுத் தறி ஓட்டுகிறவரைப் பற்றி யோசியுங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்தில் அந்த முன்பணமே ஆளைக் கட்டிப்போடுகிற கயிறாக இருந்திருக்கிறது. கடன் அடைகிறவரை வேறு பட்டறைக்குப் போக முடியாது.

நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். மூன்று ஆண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்றார்கள். அந்தப் பெண்களின் சொந்தச் சம்பளத்தைப் பிடித்துவைத்துக் கடைசியில் பரிசுபோலக் கொடுத்தார்கள். உடம்பு முடியாமல் நடுவில் வீடு திரும்பியவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

"நாங்களும் கைமடியில் ஆரம்பிச்சவங்கதான், உழைச்சு மேலே வந்தோம்" என்ற சொல்லை இந்த மண்ணில் நிறையக் கேட்கலாம். நான் அதை மதிக்கிறேன். கிணறு வற்றியபோது தளராமல் நகரத்துக்கு வந்து, மெஷினுக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்து தொழில் கட்டியவர்கள் இங்கே உண்டு. ஆனால் அவர்களுக்கு அடகு வைக்கத் தோட்டம் இருந்தது. பங்காளி, மாமன் மச்சான் என்று பணம் புரட்ட ஆள் இருந்தார்கள். அதே தோட்டத்தில், அதே வெயிலில், பண்ணையத்து ஆளாக உழைத்த அருந்ததியர் குடும்பத்துக்கு அடகு வைக்க ஒன்றுமில்லை. கைமாற்றுக் கொடுக்கக்கூடிய சொந்தக்காரரும் இல்லை. கம்பெனிக்கு வந்தபோது அவர்கள் கொண்டுவந்தது கைகால் மட்டும்தான். இரண்டு குடும்பமும் ஒரே அளவு உழைத்தது. ஒன்று மேலே போனது, மற்றது ஒன்றரை ஷிப்டில் நிற்கிறது. உழைப்பை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது.

இனி, பெரிய கேள்விக்கு வருகிறேன். இரட்டிப்புச் சம்பளம் கொடுத்தால், எட்டு மணி நேரக் கூலியை உயர்த்தினால், ஆர்டர் பங்களாதேஷுக்குப் போய்விடாதா? கம்பெனியை மூட வேண்டி வராதா? இந்தப் பயம் போலி அல்ல. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒவ்வொரு சீசனிலும் விலையைக் குறைக்கச் சொல்கிறார். 2021, 22-ல் நூல் விலை ஏறியபோது நல்ல கம்பெனிகளே தடுமாறின. ஆனால் இதே பயத்தை இந்த ஊர் ஒரு முறை பார்த்து, கடந்தும் வந்திருக்கிறது.

நொய்யலைத்தான் சொல்கிறேன். சாயப்பட்டறைக் கழிவு வருடக்கணக்கில் ஆற்றில் போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியானது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறு கெட்டது, தென்னை காய்ந்தது. ஒரு பனியனுக்குச் சாயம் போட உண்மையில் ஆகிற செலவில் ஒரு பங்கை அந்த விவசாயி கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே அவரிடம் வாங்கினார்கள். கழிவைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்றபோது, அப்படிச் செய்தால் தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கஷ்டம் வந்தது, மறுக்கவில்லை. பலருக்கு வேலை போனது, பட்டறை போனது. அதன் பிறகு சுத்திகரிப்பு நிலையங்கள் மாற்றியமைக்கப்பட்டன. மாநில அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி கொடுத்தது. சாயக் கூலி ஏறியது, அந்த ஏற்றம் துணி விலைக்குள் போய்ச் சேர்ந்தது. தொழில் அழியவில்லை. நான் முதலில் சொன்ன 40,000 கோடி அதற்குப் பிறகு வந்ததுதான். அன்றைக்கு முடியவே முடியாது என்ற அதே விஷயத்தை இன்றைக்கு "எங்கள் துணி ஆற்றைக் கெடுக்காதது" என்று பையரிடம் பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள்.

அன்றைக்கு விவசாயி கொடுத்ததை இன்றைக்கு டெய்லரும் கைமடியும் கொடுக்கிறார்கள். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, கப்பல் கட்டணம் எல்லாம் ஆர்டருக்கு விலை போடுகிற காஸ்டிங் சீட்டில் உள்ளபடி ஏறுகின்றன. இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டுகிற இடம் தையல் கூலி ஒன்றுதான். ஒரு கம்பெனி மட்டும் நியாயமாக நடந்தால் அது ஆர்டரை இழக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஊர் முழுவதற்கும் ஒரே நாளில், ஒரே விதியாக வர வேண்டும் என்கிறேன். சாயக் கழிவில் அப்படித்தான் வந்தது. சின்னப் பட்டறைகள் தாக்குப்பிடிக்க அன்றைக்குக் கொடுத்ததுபோலக் கடன் கொடுக்கட்டும். இரவு ஒன்பது வரை இயங்குகிற பிள்ளைகள் காப்பகமும், தொழிலாளர் குடியிருப்பும் அரசு கட்டட்டும். வாடகை குறைந்தால் அதுவும் கூலி உயர்வுதான்.

கேட்டுக்கொண்டிருக்கிற தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்கள் பலர் எத்தனை பீஸ் என்று நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்கள். அதே நோட்டில் எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்பதையும் தேதி போட்டு எழுதுங்கள். சம்பளச் சீட்டு கேளுங்கள், அது சட்டப்படி உங்களுக்கு உரியது. அதில் எட்டு மணி நேரச் சம்பளமும் ஓவர்டைமும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைகிற பணத்தைக் கேட்டுத் தொழிலாளர் துறையில் தனியாகவும் மனுக் கொடுக்கலாம், சங்கத்தின் வழியாகவும் கொடுக்கலாம். முன்பு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பில் மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.

நன்றி, வணக்கம்.