பத்தொன்பது வயதும் இரண்டு பேறும்

நேயர்களுக்கு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் தமிழ்நாட்டில் ஒரு மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடந்துவருகிறது. 1987இல் சிறு தொகையோடு தொடங்கிய அது, 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்த 18,000 ரூபாயில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு நாற்று நடவும் செங்கல் சுமக்கவும் போகும் பெண், அந்த மாதங்களில் கூலியை இழந்தாலும் பசியோடு இருந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அருமையான திட்டம். அதன் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அதனால்தான் அதன் விதிகளில் உள்ள இரண்டு வரிகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. கர்ப்பிணிக்குக் குறைந்தது 19 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது ஒன்று. முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே உதவி என்பது மற்றொன்று.

இந்த இரண்டு வரிகளால் விடுபட்டுப்போவது யார்? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 12.8 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள். எட்டுப் பெண்களில் ஒருத்தி! பதினேழு வயதில் கருவுறும் பெண்ணின் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திருக்காது. அவளுக்கு இரத்தசோகையும், இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தும் அதிகம். எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பும் அதிகம். மூன்றாவது, நான்காவது முறை கருவுற்றவளுக்கோ வேறு ஆபத்துகள். இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் பெற்ற உடம்பில் இரும்புச்சத்து தேறியிருக்காது. பல பேறு கண்ட கருப்பை, பிரசவத்திற்குப் பிறகு சுருங்காமல் உதிரப்போக்கு ஏற்படக்கூடும். யாருக்கு நல்ல சாப்பாடும் அதிகக் கவனிப்பும் தேவையோ, அவர்கள் இருவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுக்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்குத் தெரியும். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வேண்டும், குடும்பம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் கல்யாணத்தைத் தானே நிச்சயித்துக்கொண்டாளா? இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பிறகு "ஒரு ஆண் வாரிசு வேண்டாமா" என்று கேட்டது மாமியார் வீடு. பத்து மாதம் சுமப்பது அவள். பெட்டகம் கிடைக்காமல் போவதும் அவளுக்குத்தான். கணவனிடமிருந்து ஒரு பைசாகூடக் குறைவதில்லை.

முத்துலட்சுமி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927இல் சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவரானார். பெண்ணின் திருமண வயதை உயர்த்தவும் தேவதாசி முறையை ஒழிக்கவும் அங்கே குரல் கொடுத்தார். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்த இளம்பெண்கள் தம்மைத் தேடி வந்தபோது, தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அந்த அம்மையாரின் பெயரைத் தாங்கிய திட்டம், "உனக்கு வயது போதாது" என்று ஒரு சிறுமியைத் திருப்பி அனுப்புவதை என் மனம் ஏற்கவில்லை.

பணம் கிடைக்காமல் போவதோடு இது நின்றுவிடுவதில்லை, நேயர்களே. உதவி இல்லை, வசவு மட்டும் உண்டு என்று தெரிந்த இடத்திற்கு எந்தப் பெண் வருவாள்? மூன்றாவதாகவும் அதற்கு மேலும் பிறக்கும் குழந்தைகளை சுகாதாரத் துறை தனியாகக் கணக்கெடுக்கிறது. எண்ணிக்கை கூடினால் கிராம சுகாதார செவிலியரை மேலதிகாரி கேள்வி கேட்கிறார். அந்தச் செவிலியர் கர்ப்பிணியிடம், "இரண்டோடு நிறுத்தச் சொன்னேனே, கேட்டாயா?" என்கிறார். செவிலியர் கெட்டவர் அல்லர். ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்று சுமையை அவர் தலையில் ஏற்றியிருக்கிறோம். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு கர்ப்பிணி ஒதுங்கிவிடுகிறாள். மூன்றாம் மாதத்தில் பதிவு செய்ய வேண்டியவள் ஏழாம் மாதத்தில் வருகிறாள். அதற்குள் இரும்புச்சத்து மாத்திரை இல்லை, இரத்த அழுத்தம் பார்க்கவில்லை, ஸ்கேன் இல்லை. பிரசவ அறையில் இரத்தம் வேண்டும் என்று ஓடும்போதுதான் அவளுடைய இரத்தசோகையின் அளவே நமக்குத் தெரியவருகிறது.

பதினேழு வயதுக்காரியின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு எதிரான 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட கர்ப்பிணி வந்தால் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகளைக் காக்க அந்தச் சட்டம் தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணவன் சிறைக்குப் போவான் என்று அஞ்சும் குடும்பம் அவளை ஆஸ்பத்திரிப் பக்கமே விடாது. கருவைக் கலைக்க வேண்டிய நிலையில் இருக்கும் சிறுமி, மருந்துக்கடையில் யாரோ வாங்கித்தரும் மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குள் உதிரத்தோடு கிடக்கிறாள். உச்ச நீதிமன்றம் இதைப் புரிந்துகொண்டது. 2022 செப்டம்பர் 29ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில், கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தகவல் கொடுக்கும்போது அவளுடைய பெயர், அடையாளங்களை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. இருபது முதல் இருபத்து நான்கு வாரம் வரையிலான கருவைக் கலைப்பதில் மணமானவள், மணமாகாதவள் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்தச் செய்தி எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது? எத்தனை மருத்துவர்களுக்குப் பயிற்சியில் சொல்லப்பட்டிருக்கிறது?

நாம் பெருமைப்பட நியாயமான காரணங்கள் இருக்கின்றன. 2018-20 காலக் கணக்குப்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய் மரணம் அசாமில் 195, உத்தரப் பிரதேசத்தில் 167, தமிழ்நாட்டில் 54. ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஒவ்வொரு தாய் மரணத்தையும் காரணம் கேட்டு ஆராயும் நடைமுறையும், 108 ஆம்புலன்சும் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம் இது. ஆனால் அதே காலத்தில் கேரளத்தின் எண்ணிக்கை 19. நமக்கும் அவர்களுக்கும் இடையே அன்று இருந்த அந்த 35 பேர் யார்? அவர்களில் எத்தனை பேர் மலைக்கிராமத்தவர், எத்தனை பேர் பட்டியல் சாதியினர், எத்தனை பேர் சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பத்தினர் என்று சாதிவாரியாக, ஊர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மாநிலத்தின் மொத்தச் சராசரியை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசவத்திற்குப் பின் கடுமையான உதிரப்போக்கு தொடங்கினால், உரிய சிகிச்சை கிடைக்காத பெண் இரண்டு மணி நேரத்தில் இறந்துவிடலாம். சாலை இல்லாத மலைக்கிராமத்திலிருந்து போர்வையில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நான்கு ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி அடிவாரம் வரை சுமந்துவரவே அந்த நேரம் போதாது. பேறுகாலம் நெருங்கும்போதே கீழே வந்து தங்குவதற்குக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகளையும் ஆடுகளையும் விட்டுவிட்டு ஒரு தாய் அங்கே எப்படி நாள்கணக்கில் தங்குவாள்? துணைக்கு வருபவருக்கும் உணவும் இடமும் கூலி இழப்பீடும் கொடுத்தால் தங்குவாள்.

தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே போய் ஒரு குடிசையில் வேலையைத் தொடங்கினார்கள். அங்குள்ள பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பழக்கினார்கள். பேறுகாலத்தில் தன் பேச்சைப் பேசுகிற, தன் வீட்டு வழக்கம் அறிந்த ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாள் என்றால் கர்ப்பிணி தயங்காமல் வருவாள். குழந்தை இறப்பு அங்கே வெகுவாகக் குறைந்தது. இதே வழியை மலைப்பகுதி முழுவதும் கொண்டுசெல்ல அரசுக்கு ஏன் முடியாது என்று கேட்கிறேன்.

குடும்பக் கட்டுப்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. அதே ஐந்தாவது கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் தாங்களே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்; கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான். ஆணுக்கு அது தழும்பு தெரியாத சிறு சிகிச்சை. அன்றே வீடு திரும்பலாம். ஆனாலும் கத்தி பெண்ணின் வயிற்றில்தான் விழுகிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்து, ஏழை வீட்டுப் பெண்கள் பதின்மூன்று பேர் மடிந்தார்கள். அதன் பிறகுதான், 2016இல், இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

அரசிடம் நான் கேட்பது இதுதான். நிதியுதவித் திட்டத்திலிருந்து வயது வரம்பையும் பேறு எண்ணிக்கையையும் நீக்குங்கள். குழந்தைத் திருமணத்தை நடத்திவைத்தவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். கர்ப்பிணியின் தட்டிலிருந்து சோற்றை எடுக்காதீர்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நிதியுதவிக்குத்தான் நிபந்தனை, சிகிச்சைக்கு இல்லை. 2011ஆம் ஆண்டிலிருந்து, அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும், எத்தனையாவது பேறாக இருந்தாலும், சிசேரியன், மருந்து, இரத்தம், பரிசோதனை, உணவு, வாகனம் அனைத்தும் இலவசம். ஏழாம் மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். எட்டாம் மாதத்திலும் பதிவு செய்யலாம். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரை நாளைக் காலையே போய்ப் பாருங்கள். அவர் ஏதாவது கோபமாகச் சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், இரத்தம் எத்தனை கிராம் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.